கியூ வாசிப்பறையில் பக்கத்து மேசைக்காரருக்கு

லண்டன் கியூ தேசிய ஆவணக் காப்பகத்தில் பென்சிலும் கையுமாக இருந்த அம்மா, இந்த நன்றி உங்களுக்குத்தான். நண்பரின் முப்பாட்டனார் விக்டோரியா காலத்துப் பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட். அவரை ஏ.டி.எம். (ADM, கடற்படையை நிர்வகித்த அட்மிரால்ட்டி துறையின் ஆவணங்களுக்கான குறியீடு) 188-இல் தேடிக்கொண்டிருந்தேன். அது சாதாரண மாலுமிகளின் பதிவேடு, அதிகாரியான அவர் கிடைக்கவே மாட்டார்! கேட்காமலே துண்டுத்தாளில் "அதிகாரிகளுக்கு 196" என்று எழுதி நீட்டினீர்கள். முதலில் நேவி லிஸ்ட்டில், அதாவது கடற்படை அதிகாரிகளின் அச்சிட்ட பட்டியலில், பதவியேற்ற தேதி. ஒரே பெயர்க்காரர்களைப் பிரிக்க அதுதான் பிடி. அதற்குப் பிறகே 196. ஒருவருக்கே பல ஏடுகளில் பதிவு இருக்கலாம், ஒன்றோடு நிறுத்தாதீர்கள் என்றீர்கள். இரண்டாவது ஏட்டில்தான் கப்பல்களின் பெயர்கள் இருந்தன. கப்பலின் அன்றாடக் குறிப்பேடுகளான லாக் புத்தகங்களுக்கு ஏ.டி.எம். 53. அவற்றில் ஆட்களைவிடக் காற்றும் வானிலையும்தான் அதிகம் என்று முன்பே சிரித்தீர்கள். உண்மைதான், அம்மா. அந்தத் துண்டுத்தாள் இன்னும் பத்திரமாக இருக்கிறது.