சில்க் போர்டு சிக்னலில் இறங்கிய பெடல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய சரக்கு வண்டிகளை நகருக்குள் விடவே கூடாது என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். 2008இல் வாங்கிய பிக்கப்பில் ஓசூரிலிருந்து பெங்களூரு கலாசிபாளையம் சந்தைக்குக் காய்கறி ஏற்றி வருபவன் நான். அவர் புகையைப் பற்றித் திட்டியதை ஏற்றுக்கொள்கிறேன். பழைய வண்டியின் பிரேக்கை நம்ப முடியாது என்று எழுதியதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும்.

ஓடும்போது என் பிரேக்கில் ஒரு குறையும் தெரியவில்லை. காட்டிக்கொடுத்தது சில்க் போர்டு சிக்னல்தான். மாலையில் லோடு எடுக்கப் போகும்போது அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும். பெடலை லேசாக மிதித்தபடி நின்றால் கால் மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. வண்டி முன்னால் நின்ற ஆட்டோவை நோக்கி ஊர்ந்தது. தரையில் ஒரு சொட்டு பிரேக் ஆயில் இல்லை, ஆயில் டப்பாவிலும் அளவு குறைந்ததாகத் தெரியவில்லை. பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே, ஆயிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கப்பைத் தாண்டி ஆயில் பின்னால் நழுவிக்கொண்டிருந்தது.

முதல் மெக்கானிக் சில நூறு ரூபாயில் ரப்பர் கிட் மாற்றினார். நான்கே மாதம், பழைய குருடி கதவைத் திறடி. அடுத்தவர், எங்கள் அல்சூர்க்காரர், சிலிண்டரைக் கழற்றித் துடைத்து என் கையில் கொடுத்தார். "நகத்தை உள்ளே ஓட்டிப் பாருங்கள் அண்ணே" என்றார். அம்மைத் தழும்பில் பட்டதுபோல நகம் தட்டியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் துருவாக அரித்த சிலிண்டரில் புது ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? முழு சிலிண்டரையும் மாற்றினோம். பின்சக்கர டிரம்மைத் திறந்தால் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் இடதுபக்க வீல் சிலிண்டரும் கசிந்து, டிரம்மில் உரசி நிறுத்தும் லைனர் ஆயிலில் ஊறிக் கிடந்தது. அதையும் மாற்றி, பெடலை மிதித்து மிதித்து நான்கு சக்கரத்தின் குழாயிலும் புகுந்த காற்றை வெளியேற்றி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. பெடல் மிதித்துக் கொடுத்த என் மகனுக்கு மறுநாள் தேர்வு. அவன் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கடைகளில் திறந்த டின்னிலிருந்து தண்ணீர் பாட்டிலில் பிரேக் ஆயில் ஊற்றிக் கொடுக்கிறார்களே, அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. டாட் 3 என்ற தர வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். ஈரம் ஏறினால் கொதிநிலை 140 வரை இறங்கிவிடும். சேலத்துக்குப் பாரம் ஏற்றிப் போகையில் தொப்பூர் மலை இறக்கத்தில் ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகி, பிரேக் பிடிக்காது.

8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுக்க வேண்டும். அரித்த அந்தச் சிலிண்டரோடுதான் நானும் தேறினேன்! வேகமாக ஒரு மிதி மிதித்து நிறுத்திப் பார்த்தால் இந்தக் கோளாறு பிடிபடாது. பெடலை ஒரு நிமிடம் லேசாக மிதித்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சீல் பிரிக்காத டப்பாவில் மட்டுமே ஆயில் விற்கவும் அதிகாரிகள் உத்தரவிட வேண்டும்.

அந்த வாசகர் விரும்பினால் ஒரு நாள் என்னோடு வரலாம். ஓசூரிலிருந்து விடியற்காலை 3 மணிக்குக் கிளம்புவேன்.

இப்படிக்கு,
ஒரு பிக்கப் ஓட்டுநர்,
அல்சூர், பெங்களூரு