பொன்னாடை சுமக்கும் கையால் துப்பாக்கி எடுக்க முடியாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு தங்கள் இதழில் வி.ஐ.பி. பாதுகாப்பு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரே உத்தரவில் எல்லோருடைய பாதுகாப்பையும் வாபஸ் வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் கருத்து, இருக்கட்டும். ஆனால் நடுவில் ஒரு வரி, ஸ்டேஷன் வேலையிலிருந்து தப்பித்து வி.ஐ.பி.யின் மெய்க்காவலராக, அதாவது கன்மேனாகப் போகும் காவலர்களுக்கு ஏ.சி. காரும் விருந்துச் சாப்பாடுமாகக் காலம் ஓடுகிறது என்று. அதை எழுதியவர் ஒரே ஒரு கன்மேனிடம் பேசியிருந்தால் அந்த வரி அச்சில் வந்திருக்காது என்று நினைக்கிறேன். 1980களில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து, பெரும்பாலும் ஆயுதப்படையிலேயே இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவன் நான். அதில் பல வருடம் பி.எஸ்.ஓ., அதாவது எல்லோரும் கன்மேன் என்று சொல்லும் தனிப் பாதுகாவலர் வேலை. தங்கள் இதழின் பழைய வாசகன் என்ற உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது இதுதான்: இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும், கண் வி.ஐ.பி.யைப் பார்க்கக் கூடாது, வருகிறவர்களின் கைகளைப் பார்க்க வேண்டும். சரி, நடப்பது என்ன? ஒரு வாரியத் தலைவரிடம் என்னைப் போட்டிருந்தார்கள். பெயர் வேண்டாம். ஒரு கல்யாண மண்டபத்தில் மேடைக்குப் போகும் வழியெல்லாம் அவருக்குப் பொன்னாடை போடுகிறார்கள், போட்ட வேகத்தில் அவர் அதை உருவி என் பக்கம் நீட்டுகிறார். இடது கை நிறைய சால்வை, அதற்கு மேல் ஒரு பழத்தட்டு, வலது கையில் அவருடைய இரண்டு செல்போன். அதில் ஒன்று அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுத்து "ஐயா ஃபங்ஷன்ல இருக்காருங்க" என்று நான்தான் பதில் சொல்ல வேண்டும். 9 எம்.எம். பிஸ்டல் சஃபாரிக்குள் இடுப்பில், சால்வைகளுக்கு அடியில். அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவரை நோக்கி ஓடி வருகிறார், சட்டைக்குள் கையை விடுகிறார். எனக்குத் தட்டைக் கீழே போடக்கூட நேரமில்லை. அவர் வெளியே எடுத்தது ஒரு மனு. முதியோர் உதவித்தொகை நின்றுபோன விஷயம். அவர் போன பிறகும் எனக்கு வெகுநேரம் கை நடுங்கியது. வாரியத் தலைவருக்கு வந்த கோபம் தட்டு சரிந்து பழம் உருண்டு ஓடியதற்காக.

தாங்கள் சொல்லும் விருந்துச் சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். அவர் பந்தியில் உட்கார்ந்தால் நான் பின்னால் நிற்க வேண்டும், அவர் எழுந்தால் நான் காருக்குப் போக வேண்டும். நடுவில் சாப்பிட எனக்கு இலை எங்கே? டிரைவரும் நானும் வழியில் டீக்கடையில் பன் தின்ற நாட்கள்தான் அதிகம். சர்க்கரை நோய் வந்தது அந்த வேலையில்தான்.

யாருக்குப் பாதுகாப்பு, எவ்வளவு பேர், எதற்காக என்பதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் ஆகியோருக்கு நீலப் புத்தகம், மற்றவர்களுக்கு உள்துறை அமைச்சகத்தின் மஞ்சள் புத்தகம் என்று இருப்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பதவியால் வரும் பாதுகாப்பு ஒன்று, அச்சுறுத்தலை அளந்து தரும் பாதுகாப்பு இன்னொன்று. எக்ஸ், ஒய், இசட், இசட் பிளஸ் என்பதெல்லாம் அந்த அளவுகள். உளவுத்துறை அறிக்கை வர வேண்டும், குழு உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வப்போது மறுபரிசீலனை செய்து ஆபத்து குறைந்திருந்தால் ஆளைக் குறைக்க வேண்டும். நான் பார்த்தவரை கொடுப்பது வேகமாக நடக்கும், குறைப்பதுதான் நடக்காது. பதவி போய் வருடக்கணக்கானவர் வீட்டு வாசலில் பாரா நின்றிருக்கிறேன். அவரைக் கொல்ல யாரும் இல்லை, தேடி வருகிறவர்களே இல்லை. ஆனால் வாசலில் போலீஸ் நின்றால்தான் தெருவில் மரியாதை, அதற்காக யாரையாவது பிடித்து நீட்டித்துக்கொண்டே போவார்கள். இந்த மோகம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2023இல் உளுந்தூர்பேட்டையில் ஒரு அமைப்பின் நிர்வாகி கைதானதே போதும். போலீஸ் பாதுகாப்பு கிடைக்கும் என்று தன் வீட்டின் மீது தானே பெட்ரோல் குண்டு வீச ஏற்பாடு செய்தார் என்பது அந்த வழக்கு.

அதற்காக எல்லோருக்கும் ஒரே உத்தரவில் வாபஸ் என்று தாங்கள் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. பஞ்சாபில் 2022 மே 28ஆம் தேதி 424 பேரின் பாதுகாப்பை ஒரேயடியாக விலக்கினார்கள், குறைத்தார்கள். பட்டியலும் வெளியே வந்துவிட்டது. மறுநாளே அந்தப் பட்டியலில் இருந்த பாடகர் சித்து மூஸேவாலா சுட்டுக் கொல்லப்பட்டார். யாரிடம் காவல் இல்லை என்பதை ஊருக்கே அறிவித்துவிட்டு அப்புறம் உயர் நீதிமன்றம் கேட்டதும் பாதுகாப்பைத் திருப்பிக் கொடுத்தார்கள். போன உயிர் போனதுதான்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் ஸ்ரீபெரும்புதூர். பிரதமரைக் காக்கும் சிறப்புப் படைக்காக 1988இல் வந்த எஸ்.பி.ஜி. சட்டத்தில் முன்னாள் பிரதமருக்கு இடமில்லை, அதனால் பதவி போனதும் ராஜீவ் காந்திக்கு அந்தப் பாதுகாப்பும் போனது. அதற்கு ஈடாக வேறு ஏற்பாடும் சரியாகச் செய்யவில்லை என்று பிறகு பாதுகாப்புக் குறைபாட்டை விசாரித்த வர்மா கமிஷன் சொன்னது. 1991 மே 21 இரவு அங்கே செத்தவர்களில் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் என்பதை நாடு மறந்துவிட்டது. எஸ்.பி. முகமது இக்பால் போனார். ராஜீவின் பி.எஸ்.ஓ. பிரதீப் குமார் குப்தா, டெல்லி போலீஸ்காரர், அவரோடு சேர்ந்தே போனார். கிட்டே வந்த கூட்டத்தைத் தடுக்கப் பார்த்த பெண் எஸ்.ஐ. அனுசுயா படுகாயத்தோடு பிழைத்தார். தங்கள் கட்டுரையாளர் சொகுசு என்று எழுதியது இந்த வேலையைத்தான். சட்டத்தை அதற்குப் பிறகு எத்தனையோ முறை திருத்தினார்கள், 2019இல் கடைசியாக பிரதமருக்கும் அவரோடு அரசு இல்லத்தில் வசிக்கும் குடும்பத்துக்கும், முன்னாள் பிரதமர்களுக்கு ஐந்து வருடமும் என்று ஆக்கினார்கள். பெரிய இடத்துக்கு இவ்வளவு யோசித்தவர்கள், காவலுக்கு நிற்கிறவனிடம் பையைக் கொடுக்கக் கூடாது என்று ஒரு வரியை எழுதி அமல்படுத்த மாட்டேன் என்கிறார்கள்.

ஆர்டர்லி விஷயமும், அதாவது காவலரை அதிகாரி வீட்டு வேலைக்கு வைப்பதும், இப்படித்தான். தமிழ்நாட்டில் 1979இலேயே ஒழித்து அரசாணை போட்டாயிற்று. 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதையே மறுபடி சொல்லி, நான்கு மாதத்துக்குள் ஒழிக்க வேண்டும் என்று உத்தரவிட வேண்டி வந்தது. இடையில் நாற்பது வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. அந்த வருடங்களில் அதிகாரி வீட்டு நாயைக் குளிப்பாட்டியவர்களும் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்களும் என்னோடு ரோல் காலில் நின்றவர்கள்தான். வி.ஐ.பி. போகும் வழியில் நிற்கும் ரூட் பந்தோபஸ்தில் பெண் காவலர்களைச் சாலையோரம் நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் சொன்னார்கள், மனதார நன்றி. அதற்கு முன்னால் கழிப்பறை வசதி இல்லாமல் மணிக்கணக்கில் வெயிலில் நின்ற சகோதரிகள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். அதே வருடம் அக்டோபரில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் கார் முதல்வர் பயணத்துக்காக நிறுத்தப்பட்ட பிறகு, கான்வாயில் வண்டிகள் 12இலிருந்து 6 ஆனது. நல்ல காரியம். ஆம்புலன்ஸ்கள் நின்ற காலத்திலேயே ஆகியிருக்க வேண்டியது. வார விடுமுறைக்கும் 2021இல் அரசாணை வந்தது. பி.எஸ்.ஓ.வுக்கு வாரம் எது, விடுமுறை எது? என் மகள் காதணி விழாவுக்கு நான் வந்தது வேறொருவர் வீட்டு விழாவை முடித்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு.

கமாண்டோ படையையும் இதில் விட்டுவைக்கவில்லை. பயங்கரவாதத்தை எதிர்க்க 1984இல் உண்டாக்கிய தேசியப் பாதுகாப்புப் படையான என்.எஸ்.ஜி.யில் ராணுவத்திலிருந்தும் மத்தியப் படைகளிலிருந்தும் பொறுக்கியெடுத்த ஆட்கள். அந்தக் கருப்புப் பூனைப் படையின் ஒரு பகுதியை வருடக்கணக்காகத் தலைவர்களின் பின்னால் நிறுத்தினார்கள். அந்தப் பணியை முழுக்க சி.ஆர்.பி.எஃப்.பிடம் ஒப்படைக்க உத்தரவு வருவதற்கே 2024 அக்டோபர் வரை ஆயிற்று. பணம் உள்ளவர்களுக்கு வழி இருக்கிறது. அம்பானி குடும்பத்துக்கு இசட் பிளஸ் தரலாம், செலவு முழுவதும் அவர்களே ஏற்க வேண்டும் என்று 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அது நியாயம். வசதியுள்ள நம் உள்ளூர்ப் புள்ளிகள் எத்தனை பேர் கட்டுகிறார்கள்?

உண்மையிலேயே கழுத்தில் கத்தி இருப்பவர்கள் வேறு. சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டு ஸ்டேஷனுக்கு ஓடி வரும் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு இல்லம், மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும் என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்துக்கும் அதே வருடம் டிசம்பரில் ஒப்புதல் தந்தது. அப்படி ஒரு ஜோடி, அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது இருபது வயது இருக்கும், பெஞ்சில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு ஸ்டேஷனில் பார்த்தேன். துணைக்கு அனுப்ப ஆள் இல்லை என்று எழுத்தர் கையை விரித்தார். அன்று சாயங்காலம் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு, ரிப்பன் வெட்டுகிறவரின் காலணியைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் நான் நின்றேன். எனக்கு அன்று வந்த வெட்கமும் ஆத்திரமும் இன்னும் போகவில்லை.

ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது பெரிய காரியமில்லை. தங்கள் மாவட்ட நிருபர்களை விட்டு, ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிநபர் பாதுகாப்பில் எத்தனை காவலர்கள் இருக்கிறார்கள், கடைசியாக எந்தத் தேதியில் மறுபரிசீலனை நடந்தது என்ற இரண்டை மட்டும் எஸ்.பி. அலுவலகத்தில் கேட்டுப் போடுங்கள். யாருக்குக் காவல், யாருக்கு இல்லை என்ற பெயர்கள் வேண்டவே வேண்டாம், பஞ்சாபில் பார்த்தோம். தர மறுத்தால் மறுத்தார்கள் என்று போடுங்கள். கூடவே, இப்போது அந்த வேலையில் இருக்கும் பிள்ளைகள் யாரிடமாவது கட்டுரையாளர் ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்கட்டும். காலையில் ஆயுத அறையில், எங்கள் பேச்சில் பெல் ஆஃப் ஆர்ம்ஸில், துப்பாக்கி வாங்கும் நேரத்திலிருந்து இரவு அதை ஒப்படைக்கும் வரை.

கடிதத்தைச் சுருக்க வேண்டியிருந்தால் என் சொந்த விஷயங்களை எடுத்துவிடுங்கள், ஸ்ரீபெரும்புதூரில் இறந்தவர்களின் பெயர்களை மட்டும் எடுக்க வேண்டாம். என் பெயரும் முகவரியும் தனித் தாளில் இணைத்திருக்கிறேன். அச்சில் வேண்டாம், தம்பி மகன் ஆயுதப்படையில் இருக்கிறான்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்,
திருச்சி