பச்சைச் சீட்டும் தேயும் டயரும்

அன்புள்ள முத்து,

கடிதமும் படங்களும் கிடைத்தன. மகளுக்கு வேலை உறுதியான செய்தியில் வீடே மகிழ்ந்தது.

இனி உன் கார் டயர். முன் டயர் இரண்டிலும் உள்பக்கப் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) வழித்துப் போயிருக்கிறது, வெளிப்பக்கம் இன்னும் புதுசு. மூன்று மாதம் முன்பு அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தபோது மெஷின் அச்சடித்த சீட்டில் எல்லாம் பச்சையாக வந்தது என்கிறாய். சீட்டு சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த மெஷின் அளப்பது நிற்கிற வண்டியை. லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) புஷ், அதாவது அதன் மூட்டு ரப்பர், கிழிந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போதும் பள்ளத்தில் இறங்கும்போதும் சக்கரம் முன்னே பின்னே நகர்ந்து கோணம் மாறிவிடும். சீட்டில் அது தெரியாது.

முதலில் கையால் பார். வண்டி நிற்கும்போது உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவு, கம்பி நீட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு. வெளியிலிருந்து உள்ளே தடவும்போது ரம்பம் மாதிரி முள்ளாக இடித்து, திரும்பி வரும்போது வழுவழுப்பாக இருந்தால் டோ-அவுட், அதாவது சக்கரங்களின் முன்பகுதி வெளியே விரிந்திருக்கிறது. உள்ளிருந்து வெளியே வரும்போது இடித்தால் டோ-இன், முன்பகுதி உள்ளே குவிந்திருக்கிறது. இரு பக்கமும் வழுவழுப்பாக, உள் ஓரம் மட்டும் சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பர் நெகட்டிவ் பக்கம் அதிகம், அதாவது சக்கரத்தின் மேல்பகுதி அளவுக்கு மீறி உள்ளே சாய்ந்திருக்கிறது.

டயரைத் தின்பதில் டோதான் முதல். 600 மி.மீ. விட்டமுள்ள டயரில், இரண்டு முன் டயருக்கும் இடையே முன்னும் பின்னும் அளந்த தூரத்தில் மொத்தம் 3 மி.மீ. வித்தியாசம் என்று வை. பங்கு போட்டால் ஒரு சக்கரத்துக்கு 1.5 மி.மீ. அந்தச் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்குள் பக்கவாட்டில் சுமார் 2.5 மீட்டர் தேய்த்துக்கொண்டே போகிறது. வண்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு எதுவும் தெரியாது, ஸ்டீயரிங் நேராகவே இருக்கும்.

காஸ்டர், அதாவது சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு, டயரை அவ்வளவாகத் தின்னாது. சைக்கிளில் முன் ஃபோர்க் பின்னால் சாய்ந்திருக்குமே, அதே சாய்வு. திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வருவது இதனால்தான். இடம் வலம் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால், காஸ்டர் குறைவான பக்கம் வண்டி இழுக்கும். கேம்பரில், பாசிட்டிவ் (மேல்பகுதி வெளியே சாய்வது) அதிகமான பக்கம் இழுக்கும். இழுப்பு இருந்தால் உடனே கோணத்தில் கை வைக்க விடாதே. காற்றைச் சரிபார்த்து, முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றி ஓட்டு (ஒரே திசையில் ஓடும் அம்புக்குறி டயருக்கு இது ஆகாது). இழுப்பும் பக்கம் மாறினால் குற்றம் டயரில். 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டீயரிங் உதறுவது பெரும்பாலும் பேலன்சிங் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது) விஷயம். அதற்கு அலைன்மென்ட் செய்து பயனில்லை.

கடையில் பக்கத்திலேயே நில். வண்டியைத் தூக்கியதும் சக்கரத்தை 3 மணி, 9 மணி இடங்களில் பிடித்து ஆட்டச் சொல். லொடலொடத்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் (சக்கரத்தைத் திருப்பும் டை ராட் கம்பியின் வெளி, உள் மூட்டுகள்). 12, 6 இடங்களில் ஆடினால் பால் ஜாயின்ட் (ஆர்மை நக்கிளோடு சேர்க்கும் உருண்டை மூட்டு) அல்லது பேரிங். புஷ்ஷை லிவர் கம்பியால் நெம்பி, ரப்பர் வெடித்திருக்கிறதா என்று நீயே பார். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு.

உன் வண்டி மாதிரி சின்ன வண்டிகளில் முன்பக்கம் பெரும்பாலும் டோ மட்டுமே திருகக்கூடியது. கேம்பர் ஒரு பக்கம் மட்டும் விலகியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது என்று அர்த்தம்: ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தூண்), நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் துண்டு) அல்லது ஆர்ம். எதை மாற்றினாலும் டோவைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். கேம்பர் நகர்ந்தால் டோவும் நகரும். ஸ்டீயரிங்கை நேராக்கிப் பூட்டி, இரு பக்க லாக் நட்டையும் தளர்த்தி, இரண்டு டை ராடையும் திருக வேண்டும். நேரம் மிச்சம் என்று ஒரே பக்கம் திருகினால் டோ சீட்டில் சரியாக வரும், ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். டை ராடை மூடியிருக்கும் ரப்பர் பூட் (உறை) முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்றும் கவனி. கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் ஸ்டீயரிங் ரேக்கில் இறங்கும்.

புது டயரை இப்போது வாங்காதே, புஷ் வேலை முடியட்டும். முடிந்ததும் சீட்டில் சரிசெய்யும் முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டும் தெரியும்படி படம் அனுப்பு. பின் சக்கர எண்களும் அதில் இருக்கட்டும்.

அன்புடன்,
சேகர்