காட்டுப்பூக்களுக்கும் தோட்டத்தில் இடம் தருவோம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுத் தோட்டம் என்றாலே புல்தரையும் குரோட்டன்ஸும்தான் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது வருத்தமளிக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் தானாக முளைக்கும் தும்பை, கிலுகிலுப்பை, கொழுஞ்சி முதலியவற்றைக் களையென்று பிடுங்காமல், ஒரு மூலையையாவது அவற்றுக்கு விட்டுவைத்தால், உரமோ பூச்சிமருந்தோ இல்லாமலேயே தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் அங்கு வந்து சேரும். எருக்கின் இலையைத் தின்றே வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு வளர்கிறது என்று அறிந்தவர்க்கு அச்செடியை வெட்ட மனம் வராது.

ஆயினும் கவனிப்பு தேவை. ஒவ்வாமை உண்டாக்கும் அயல்நாட்டுக் களையான பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை அணிந்து, வேரோடு அகற்றிவிட வேண்டும். மற்றவற்றை, விதை முற்றி மண்ணில் உதிர்ந்த பின்னரே அறுக்க வேண்டும்; முந்தினால் மறு ஆண்டு பூக்கள் குறையும். நகராட்சிப் பூங்காக்களிலும் இதற்கென ஓர் இடம் ஒதுக்குமாறு உள்ளாட்சி அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை