மார்ச் 31-க்குள் சுண்ணாம்பு காயாது

பொதுப்பணித் துறையில் மரபுக் கட்டடங்களைப் பழுதுபார்க்கும் பொறியாளர்களுக்கு,

வணக்கம். சேப்பாக்கம் அரண்மனையில் 2012 ஜனவரியில் தீக்கிரையான கலச மகால் என்ற பழைய கட்டடம் கூரையிழந்து கரிபிடித்து நின்றதையும் பார்த்தேன், நீங்கள் அதை மீட்டெடுத்த பிறகும் பார்த்தேன். பக்கத்திலுள்ள ஹுமாயூன் மகாலும் உங்கள் கைபட்டுப் பிழைத்தது. ஆகவே உங்களுக்குத் தெரியாததைச் சொல்ல வரவில்லை. தெரிந்த வேலையை எங்கள் ஊர் போன்ற இடங்களில் ஏன் செய்வதில்லை என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் ஊரில் வெள்ளைக்காரர் காலத்து அலுவலகம் ஒன்று உண்டு. சுவரில் ஈரம் ஏறியது; சிமெண்ட் பூசினார்கள். மூன்றாம் ஆண்டே பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழ, உள்ளே செங்கல் மாவாக உதிர்ந்தது. அதன்மேல் மறுபடியும் சிமெண்ட்! பழைய செங்கல் சுவர் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றில் விட்டுவிடும். சிமெண்ட் வழியை அடைத்துவிடுவதால், ஈரத்தோடு வந்த உப்பு உள்ளேயே படிகமாகிச் செங்கல்லைப் பொடித்துவிடுகிறது. இதை உங்களிடமே விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தவரை, குற்றம் அறிவில் இல்லை, காலக்கெடுவில் இருக்கிறது. நிதி ஒதுக்கீடு தாமதமாக வருகிறது. டெண்டர் அதற்கும் பிறகு. பணமோ மார்ச் 31-க்குள் செலவாகிவிட வேண்டும். சுண்ணாம்புக்கு நிதியாண்டு தெரியாது. சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் விட்டு நீற்ற வேண்டும், ஊற வேண்டும், மணலோடு அரைக்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகே அடுத்தது. மரவிட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிக் கட்டும் பழைய மொட்டைமாடியான மெட்ராஸ் டெரஸ் தளமென்றால் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டி இறுக்க வேண்டும். என் தந்தை அப்படித் தட்டியவர். வரிசையாக உட்கார்ந்து தட்டும் பெண்களின் பாட்டு நின்றால் தாளம் தவறிவிடும் என்பார். இப்போது அவருக்கு வேலை கொடுப்பவர் யாருமில்லை.

மரபுக் கட்டடப் பணிகளுக்கு மட்டுமாவது இரண்டு நிதியாண்டுகளுக்கு நீளும் ஒப்பந்தம் கேட்டு அரசுக்கு எழுதுங்கள். மதிப்பீட்டில் சுண்ணாம்பு நீற்றும் நாட்களையும் தனி இனமாகக் காட்டுங்கள். குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற விதியை இங்கே தளர்த்தி, சாந்து அரைக்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பழைய கொத்தனார்களை மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து, சம்பளத்தோடு இளைஞர்களை அவர்களிடம் அனுப்புங்கள்.

எங்கள் ஊர் அலுவலகத்துக்கு இந்த ஆண்டும் பழுதுபார்ப்பு வரும் என்கிறார்கள். மதிப்பீடு எழுதுமுன் ஒருமுறை வந்து அந்தச் சுவரைத் தட்டிப் பாருங்கள். உடன் வர என் தந்தை தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனாரின் மகன்