தண்ணி ஏன் குடிக்கலன்னு கேளுங்க டாக்டர்

தமிழ்நாட்டுல எடை குறைக்கற ஆபரேஷன் பண்ற டாக்டர்களுக்கும் அவங்க டீம்ல இருக்கற டயட்டீஷியன்களுக்கும் வணக்கம்.

நான் ஸ்லீவ், அதாவது இரைப்பைய வெட்டி சின்னதாக்கற ஆபரேஷன், பண்ணி மூணு வருஷம் ஆகுது. அப்ப 112 கிலோ, இப்ப 79. சுகர் மாத்திரை நின்னுடுச்சு, முட்டி வலி போயிடுச்சு, மூச்சு வாங்காம மாடி ஏறுறேன். இதெல்லாம் உங்கள மாதிரி ஒருத்தர் கையால நடந்தது, அத என்னிக்கும் மறக்க மாட்டேன். ஆனா இந்த மூணு வருஷத்துல உங்க டீம்ல யாருமே என்கிட்ட கேக்காத ஒரு கேள்வி இருக்கு, அதுக்காகத்தான் எழுதறேன்.

ஒவ்வொரு செக்கப்புலயும் எத்தனை கிராம் புரோட்டீன், எத்தனை லிட்டர் தண்ணின்னு கணக்கு கேப்பாங்க. ஒரு லிட்டர் கூட தாண்டலன்னா திட்டு விழும், "பாட்டில கையிலயே வெச்சிக்கோங்கன்னு எத்தனை தடவம்மா சொல்றது". நானும் மறந்துட்டேன் மேடம்னு சொல்லிட்டு வந்துடுவேன். மறக்கல. வேணும்னேதான் குடிக்கல, குடிச்சா யூரின் கசியும். தும்மினா கசியும், சிரிச்சா கசியும். எங்க தெருவுக்கு லாரி தண்ணி வரும், குடத்த தூக்கி இடுப்புல வைக்கற அந்த ஒரு செகண்ட்ல நைட்டி நனைஞ்சிடும், சுத்தி அக்கம்பக்கத்து ஆளுங்க நிப்பாங்க, ஈரம் தெரியக்கூடாதுன்னு குடத்து தண்ணிய வேணும்னே மேல சிந்திக்கிட்டு வீட்டுக்கு வந்திருக்கேன். வெளியூர் கல்யாணம்னா முதல் நாள் சாயங்காலமே தண்ணிய நிறுத்திடுவேன்.

தண்ணி குறைஞ்சா அடுத்தது மலச்சிக்கல். சாப்பிடறதே ஒரு கைப்பிடி, அதுல நார்ச்சத்து எங்க இருக்கும், அதோட இரும்புச்சத்து மாத்திரை வேற. அரை மணி நேரம் உக்காந்து முக்கணும். முக்க முக்க அடியில தாங்கற தசை இன்னும் தளரும், தளர்ந்தா இன்னும் கசியும், கசியுதேன்னு பயந்து நான் இன்னும் தண்ணிய குறைப்பேன். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடுச்சு.

பெல்விக் ஃப்ளோர்னு சொல்ற அந்த தசை, முன்பக்க இடுப்பெலும்புலேர்ந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டின மாதிரி இருக்குன்னு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தான் எனக்கே தெரியும். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் அது மேலதான் உக்காந்திருக்கு. வருஷக்கணக்கா வயித்து பாரம் அழுத்தி, ரெண்டு பிரசவம், அதுல ஒண்ணு ஆயுதம் போட்டு எடுத்தது, இவ்வளவும் தாங்கின தூளி அது. எடை குறைஞ்சா அதுக்கு நிம்மதிதான், எனக்கும் முதல் வருஷம் கசிவு பாதிக்கு மேல நின்னுச்சு. அப்புறம் மெல்ல திரும்பி வந்துடுச்சு. இது எனக்கு மட்டும் நடக்கறதில்ல. அமெரிக்காவுல எடை குறைக்கற ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்கள வருஷக்கணக்கா பாத்து 2015ல வந்த ஆய்வுல, ஆபரேஷனுக்கு முன்னாடி 49.3 சதவீதம் பெண்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவையாவது கசிவு இருந்துச்சு, ஒரு வருஷத்துல 18.3 ஆச்சு, மூணாவது வருஷம் 24.8. அதுல பெரும்பாலும் பைபாஸ், பேண்ட்னு வேற வகை எடை குறைப்பு ஆபரேஷன்தான், அதனால ஸ்லீவுக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்ல வரல. ஆனா மூணு வருஷம் கழிச்சும் நாலுல ஒருத்திக்கு இருக்குன்னா, இத ஃபாலோ-அப்ல கேக்க வேணாமா?

நானா ஒரு தடவ வாய்விட்டு சொன்னப்ப, "ரெண்டு புள்ள பெத்தா இதெல்லாம் சகஜம்மா"ன்னு ஒரு சிஸ்டர் சொன்னாங்க. பாசமாத்தான் சொன்னாங்க, ஆனா அதுக்கப்புறம் நான் வாயே திறக்கல. வெளிய காத்திருக்கற இடத்துலதான் பேச்சு நடக்கும், அதுவும் குசுகுசுன்னு. பைபாஸ் பண்ணின ஒரு அக்கா, லூஸ் மோஷன் வந்தா பாத்ரூம் வரைக்கும் அடக்க முடியல, வீட்டுக்காரர்கிட்ட கூட சொல்லலன்னு என் கைய பிடிச்சிக்கிட்டு சொன்னாங்க. உள்ள போனதும் டாக்டர்கிட்ட "நல்லாருக்கேன் சார்"னு சொல்லிட்டு வந்துட்டாங்க.

வேற விஷயத்துக்கு போன இடத்துல ஒரு மகப்பேறு டாக்டர் கேட்டாங்க, அவங்கதான் பிசியோதெரபிக்கு அனுப்பினாங்க. யூட்யூப் பாத்து நான் பண்ணிட்டிருந்த கீகல், அதாவது இந்த தசைய இறுக்கி விடற பயிற்சி, முழுசா தப்புன்னு அங்கதான் புரிஞ்சுது, வயித்த எக்கி, பிட்டத்த இறுக்கி, மூச்ச பிடிச்சு, மொத்தத்துல கீழ தள்ளிட்டிருந்திருக்கேன். காத்து பிரியாம அடக்கற மாதிரி மேல இழுக்கணும், மூச்சு பாட்டுக்கு போகணும். ஒரு தடவைக்கு 8 இழுப்பு, நாளைக்கு 3 தடவ, குறைஞ்சது 3 மாசம், அதுவும் தெரிஞ்சவங்க மேற்பார்வைலன்னு டாக்டர்களுக்கு சிகிச்சை வழிகாட்டுதல் குடுக்கற இங்கிலாந்து நைஸ் (NICE) அமைப்போட 2019 வழிகாட்டுதல்லயே இருக்கு. சிலருக்கு இந்த தசை தளராம இறுகிப்போயிருக்கும், அவங்களுக்கு முதல்ல தளர்த்தத்தான் கத்துக்குடுக்கணுமாம், அதனால பரிசோதிக்காம எல்லாருக்கும் ஒரே பேப்பர நீட்டிடாதீங்க. இருமல் வர்றதுக்கு முன்னாடி, குடத்த தூக்கறதுக்கு முன்னாடி இழுத்துப் பிடிக்கணும், தூக்கும்போது மூச்ச விடணும். டாய்லெட்ல காலுக்கு கீழ ஒரு மணை போட்டுக்கணும். நாலாவது மாசம் நிறைகுடத்த இடுப்புல வெச்சு வீடு வரைக்கும் காஞ்ச துணியோட வந்தேன், அன்னிக்கு அழுதுட்டேன்.

உங்ககிட்ட கேக்கறது இதுதான். ஆபரேஷனுக்கு முன்னாடியும் அப்புறம் ஒவ்வொரு செக்கப்புலயும், இருமினா யூரின் கசியுதா, மோஷன அடக்க முடியுதா, அடியில ஏதோ இறங்கற மாதிரி கனமா இருக்கான்னு இதே தமிழ்ல கேளுங்க. வீட்டுக்காரரையும் மாமியாரையும் வெளிய உக்கார வெச்சிட்டு, ஒரு பெண் ஸ்டாஃப விட்டு தனியா கேக்க சொல்லுங்க. டயட்டீஷியன் மாதிரியே இந்த தசைய பத்தி தெரிஞ்ச ஒரு பிசியோதெரபிஸ்டும் டீம்ல இருக்கட்டும். இரும்புச்சத்து மாத்திரை எழுதும்போது மோஷன் எப்படி போகுதுன்னும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

எனக்கு அடுத்த மாசம் செக்கப், இந்த தடவ தண்ணி கணக்கோட இதையும் நானே சொல்லிடுவேன். எனக்கு அப்புறம் உள்ள வர்ற அக்கா சொல்ல மாட்டாங்க, அவங்ககிட்ட நீங்கதான் கேக்கணும்.