அந்தப் படம் பொய் சொல்லவில்லை, கயல்

அன்புள்ள கயல்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய பதிவைப் படித்தேன். வியட்நாம் போரின்போது, தென் வியட்நாம் தலைநகர் சைகோனின் தெருவில் எடுத்த அந்தப் புகைப்படம் உலகத்தையே ஏமாற்றிவிட்டதாம். செத்தவன் கொலைகாரனாம், சுட்ட ஜெனரல்தான் பாவமாம். "அப்போ இத்தனை நாள் நாம நினைச்சது தப்பா சித்தி?" என்று கேட்டிருந்தாய். இரண்டு வரியில் பதில் போட மனம் வரவில்லை.

முதலில் படத்தை நிதானமாகப் பார். 1968 பிப்ரவரி 1. டெட் என்கிற வியட்நாமியப் புத்தாண்டு சமயத்தில் வட வியட்நாமும், வியட்காங் என்கிற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களும் நடத்திய டெட் தாக்குதலில் சைகோன் கலங்கிக் கிடந்த நேரம். கட்டம் போட்ட சட்டைக்காரன் பிடிபட்ட வியட்காங் ஆள்; அவன் கைகள் பின்னால் கட்டப்பட்டிருக்கின்றன. அமெரிக்கா ஆதரித்த தென் வியட்நாமின் போலீஸ் தலைவர் ஜெனரல் நுயென் நொக் லோன் கையை நீட்டி, அவன் தலையருகே துப்பாக்கியைப் பிடித்திருக்கிறார். இடது ஓரத்தில் ஹெல்மெட் போட்ட ஒரு சிப்பாய் முகத்தைச் சுளிக்கிறான். ரத்தம் ஒரு சொட்டும் தெரியாது. இதே காட்சியை என்.பி.சி. தொலைக்காட்சிக்காக வோ சூ ஃபிலிமில் பதிவு செய்தார். அதில் ஆள் விழுவதும் ரத்தமும் உண்டு. அமெரிக்கர்கள் அதையும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆனாலும் மனதில் நின்றது ஏ.பி. செய்தி நிறுவனத்தின் எட்டி ஆடம்ஸ் எடுத்த இந்த ஒரு ஸ்டில்தான். ஃபிலிமில் அவன் விழுந்துவிடுகிறான், காட்சி முடிந்துவிடுகிறது. ஸ்டில்லில் இன்னும் விழவில்லை.

போரை நிறுத்தியதே இந்தப் படம்தான் என்பார்கள். அது மிகை. போருக்கு அமெரிக்கா படை அனுப்பியது தவறு என்ற அமெரிக்கர்கள், தவறில்லை என்றவர்களை மிஞ்சியது 1967 அக்டோபர் காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பிலேயே நடந்துவிட்டது. அடுத்த மாதம் வியட்நாமில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி வெஸ்ட்மோர்லேண்ட், போரின் முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்று பேசினார். அப்புறம் டெட் வந்தது. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரி நுழைந்தான். அரசு சொல்வதை நம்பலாமா என்று தவித்துக்கொண்டிருந்தவர்கள் கையில் வந்து விழுந்தது இந்தப் படம். நாம் யாருக்காகச் சண்டை போடுகிறோம் என்று அவர்கள் கேட்டதில் என்ன தவறு?

வகுப்பில் அதிகம் சொல்லாத ஒன்று சொல்கிறேன். பிப்ரவரி 2 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இந்தப் படத்தோடு இன்னொரு படத்தையும் போட்டது: வியட்காங் கொன்ற தன் குழந்தையின் உடலைத் தூக்கி வரும் ஒரு தென் வியட்நாம் அதிகாரி. இரண்டு தரப்பின் கொடுமையும் ஒரே பக்கத்தில் இருந்தது. அந்தத் தகப்பன் இன்று யார் நினைவிலும் இல்லை. எனக்கு ஆற்றாமையாக இருப்பது அதுதான். உன் பதிவை எழுதியவர் ஜெனரலுக்காக அழுகிறார், அந்தத் தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சரி, பின்கதைக்கு வருவோம். சுடப்பட்ட கைதி ஒரு அதிகாரியின் குடும்பத்தையே கொன்றவன் என்று சொல்லப்படுகிறது. எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. விசாரிக்க முடியாமல் போனதே அந்தத் தோட்டாவால்தான். அவன் கொன்றிருந்தாலும், கட்டிய கைகளோடு நின்ற கைதியை நடுத்தெருவில் சுட்டது கொலைதான். அதைத்தான் படம் காட்டியது, சரியாகவே காட்டியது.

ஆடம்ஸ் பிற்காலத்தில் மனம் நொந்தது உண்மை. 1969இல் இதற்குப் புலிட்சர் என்கிற பத்திரிகை விருதை வாங்கியவர், 1998இல் லோன் இறந்தபோது, ஜெனரலைத் தன் கேமரா கொன்றுவிட்டது என்கிற பொருளில் எழுதினார். சைகோன் வட வியட்நாமிடம் வீழ்ந்த பிறகு லோன் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பீட்சா கடை வைத்தார்; அங்கேயும் இந்தப் படம் அவரைத் துரத்தியது. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் லோனுக்கு அதன்பின் முப்பது வருடம் கிடைத்தது, கயல். கட்டம் போட்ட சட்டைக்காரனுக்கு ஒரு நொடியும் இல்லை.

அந்தப் பதிவை யாருக்காவது ஃபார்வர்டு செய்திருந்தால், நியூயார்க் டைம்ஸின் அந்த முதல் பக்கத்தையும் தேடி எடுத்து அவர்களுக்கே அனுப்பு.

அன்புடன்,
சித்தி